நெகட்டிவ் என்றால் அழக்கூடாது

லேப் சார் போய்விட்டார்... இன்று காலை.

மேற்கு தாம்பரத்தில், ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருந்த மாணிக்கம் சார். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சரியான சிடுமூஞ்சி. எதைக் கேட்டாலும், "அத டாக்டர்கிட்ட கேளுங்க. அடுத்தவங்க வாங்க..." அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். என் மனைவிக்கு இரண்டு மாதமாக விடாத இருமல். டிபியாக இருக்குமோ என்று டாக்டர் சளி டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். ரிசல்ட் வாங்கப் போனது நான்.

"சார், இன்னா வந்துகீது?"

"நெகட்டிவ். அடுத்தவங்க வாங்க."

நான் பத்தாவது பாஸ். அதுவும் இரண்டாவது தடவையில். எனக்குத் தெரிந்த நெகட்டிவ் போட்டோ ஸ்டூடியோவில் கொடுப்பது... எல்லார் முகமும் கறுப்பாகத் தெரியுமே, அது.

முடிந்தது கதை என்று லேப் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். பூத்திலிருந்து ஊரப்பாக்கத்து மச்சானுக்கும் போன் போட்டேன்.

அவர் குடும்பத்தோடு அழுதுகொண்டே எங்கள் வீட்டில் வந்து இறங்கினார். என் மனைவி தோசைக்கரண்டியோடு வெளியே வந்து, "யாருக்கு இன்னா ஆச்சுண்ணா?" என்றாள்.

ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த மகள் கவிதா என் கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பிடுங்கிப் படித்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு திரும்ப லேபுக்கே போனாள்.

"சார், எங்கப்பா வழியெல்லாம் அழுதுகினே வந்தாரு. ஒரு வார்த்த சேர்த்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

"டிபி கிருமி இல்லன்னு அர்த்தம். ஒவ்வொருத்தருக்கும் சொல்ல எனக்கு நேரமில்லம்மா. வேணும்னா நீயே எழுதி மாட்டு."

மாட்டினாள்! பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில், கொட்டை எழுத்தில்: "நெகட்டிவ் என்றால் நல்ல சேதி. அழுவதற்கு முன் கேட்கவும்."

சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "எல்லா டெஸ்ட்டுக்கும் நல்ல சேதின்னு சொல்ல முடியாது. தேடினது இல்லைன்னு போடு."

அடித்துத் திருத்தினாள். பெஞ்சில் இருந்த மீன்கார அம்மா, "இப்பதான் கண்ணு வெளங்குது" என்றார். அன்றைக்குப் பிடித்ததுதான் என் மகளுக்கு, கிருமி, டெஸ்ட் என்று எழுதிப் புரியவைக்கிற இந்தப் பைத்தியம்.

பத்தாவது முடிந்ததும் நான் அவளை டைப்ரைட்டிங் கிளாஸில் சேர்க்கப் பார்த்தேன். அவள் சயின்ஸ் குரூப்தான் என்று ஒரே பிடிவாதம். சாரையே சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

"பொம்பளப் புள்ளைக்கு ரத்தம், கிருமியெல்லாம் எதுக்கு சார்? நீங்களாவது சொல்லுங்க."

"எனக்கு நேரமில்ல. அடுத்தவங்க வாங்க."

அவர் மட்டும் 'வேணாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சயின்ஸ் குரூப் ஃபார்மில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். நல்லவேளை... அவருக்கு நேரமில்லை.

இன்று கவிதா இம்யூனோதெரபி ஆராய்ச்சியில் இருக்கிறாள். நம் உடம்பில் இருக்கும் காவல்காரச் செல்களைத் தட்டி எழுப்பி, கேன்சரோடு சண்டை போட வைக்கிற வேலை. அதைத் தமிழில் கட்டுரையாகவும் வீடியோவாகவும் போடுகிறாள்.

எதை எழுதினாலும் முதலில் எனக்குத்தான் அனுப்புவாள். "உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்பா" என்கிறாள். பாராட்டா என்று இன்னும் தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் சாருக்குக் கழுத்தில் ஒரு கட்டி. டெஸ்ட் எடுத்தார்கள். ஆயுசு முழுக்க ஊருக்கே ரிப்போர்ட் கொடுத்தவர், தன் ரிப்போர்ட்டைப் பிரிக்கவில்லை. கவர் ஒட்டினபடியே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

லீவில் வந்திருந்த கவிதாவிடம் நீட்டினார். "நீயே சொல்லிடும்மா."

அவள் நிதானமாக, இரண்டு தடவை படித்தாள். "தேடினது இல்ல சார். கேன்சர் இல்ல."

மனிதர் குலுங்கி அழுதுவிட்டார். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "நெகட்டிவ்னா அழக்கூடாது சார்... போர்டே மாட்டச் சொன்னீங்களே!"

அழுகையோடு சிரித்தார். அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இன்று சேதி கேட்டதும் கவிதாவுக்குப் போன் போட்டேன். என் குரல் சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா, அழறதுக்கு முன்னாடி கேட்டியா?"

"கேட்டேம்மா. டிபன் சாப்ட்டு சேர்ல சாஞ்சாராம். தூக்கத்துலயே போயிட்டாராம். வலி ஒண்ணும் இல்லையாம்."

"அப்ப சரிப்பா," என்றாள். அதற்கப்புறம் அவள்தான் அழுதாள்.

நிம்மதியாகப் போய் வாங்க சார்.