சேருமிடம்: எங்கனா சரி

ரயில்வே கோட்ட அலுவலகத்தின் பாஸ் பிரிவில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்றதும் ரயிலே வராத கள்ளக்குறிச்சிக்கு வந்து வீடு கட்டிக்கொண்டேன். சொந்த ஊர் என்பது ஒரு காரணம். பாஸ் கேட்டு யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள் என்பது இன்னொரு காரணம். இரண்டாவது காரணம் ஒரு கார்த்திகை மாதக் காலையில் பொய்த்துப் போனது.

வந்தவர் ஒரு பழைய கீமேனின் மனைவி. கீமேன் என்றால் தினமும் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, தளர்ந்ததை முறுக்கி, கழன்றதை அடித்து இறுக்குகிறவர். அவர் நடந்துவிட்டார் என்ற நம்பிக்கையில்தான் நாம் எல்லோரும் ரயிலில் தூங்குகிறோம். சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவே இந்த மனிதரின் கால் படாத ஸ்லீப்பர் கட்டை கிடையாது. எனக்கு அவரை வேறு ஒரு காரணத்துக்காக ஞாபகம் இருந்தது. தொழிலாளிக்கு வருடா வருடம் இலவசப் பாஸ் உண்டு. காசி வரைக்கும் கேட்கலாம், காஷ்மீர்ப் பக்கம் வரைக்கும் கேட்கலாம். இவர் மட்டும் ஒவ்வொரு வருடமும் சின்னசேலத்திலிருந்து விருத்தாசலத்துக்கு எழுதிக் கேட்பார். சில்லறை கொடுத்தால் டிக்கெட் கிடைக்கிற தூரம். இதற்கு ஒரு விண்ணப்பம், மூன்று கையெழுத்து, ஒரு முத்திரை. உலகம் அறியாத ஆள் என்று முடிவு கட்டி வைத்திருந்தேன்.

இப்போது இருவரும் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு ஏக்கர் நிலமும் ஒரு மாடுமாக இருந்தார்கள். ஓய்வு பெற்றவருக்கு வருடத்துக்கு ஒரு செட் பாஸ், அதாவது போக ஒன்று, வர ஒன்று. அவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒரு செட்டும் வாங்கவில்லை என்று அந்த அம்மாள் சொன்னார். அந்த வருடத்துப் பாஸை டிசம்பர் முடிவதற்குள் வாங்கியாக வேண்டும். பயணத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இதை விளக்கினேன். அவர் விதிகளைக் கேட்க வரவில்லை.

"நான் பொறந்தது வெள்ளிமல சார். கீழ எறங்கணும்னா பஸ்ஸு, பஸ்ஸுன்னா வாந்தி. அறுவது வயசாவுது. எந்த ஊருக்குப் போனாலும் கையில ஒரு கவரப் புடிச்சிக்கினு, தலயத் தொங்கப் போட்டுக்கினுதான் போயிக்கினு இருக்கறேன். ஒரே ஒரு வாட்டி, ரயில்ல கால நீட்டிப் படுத்துக்கினு போவணும்."

எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டேன்.

"எங்கனா சரி."

எங்கனா சரி என்ற பெயரில் எந்தக் கோட்டத்திலும் ஸ்டேஷன் கிடையாது. படிவத்தில் சேருமிடம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். யோசித்து, புறப்படுமிடம் சின்னசேலம், சேருமிடம் கன்னியாகுமரி என்று எழுதினேன். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. விருத்தாசலத்தில் இரவு வண்டி ஏறினால் முழு இரவும் படுத்துக்கொண்டு போகலாம்.

படிவத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போட வேண்டிய கீமேன் மறுத்தார். மாட்டைச் சொன்னார், முழங்காலைச் சொன்னார், மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைச் சொன்னார். நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அந்த அம்மாள் ஒரு சொம்பு மோரை என் முன்னால் வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"கட்டிக்கினு வந்து நாப்பது வருசம். எங்க இட்டுக்கினு போன? விருத்தாசலத்துல கொளஞ்சியப்பர் கோயிலுக்கு. அதுவும் குந்திக்கினு. நீ மாட்டப் பாத்துக்கினு வூட்டாண்டயே கெட. நான் சாரு கூடப் போயிட்டு வரேன்."

அவர் கையெழுத்துப் போட்டார். நான் போவதாக அதுவரை எண்ணமே இல்லை. ஆனால் என் கணக்கிலும் ஒரு செட் மிச்சம் இருந்தது. என் மனைவியைக் கேட்டேன். ரயிலில் ஏறினால் நான் அலுவலகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேனாம். வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

பாஸ் வந்ததும் விருத்தாசலம் போய்ப் படுக்கை பதிவு செய்தேன். அந்தக் காலத்தில் பாஸுக்கு வீட்டிலிருந்தபடி பதிவு செய்ய முடியாது, கவுன்ட்டரில்தான் நிற்க வேண்டும். இரண்டு பாஸ் என்றால் இரண்டு படிவம். கவுன்ட்டர் திறக்கும் முன்பே போய் நின்றதால் எல்லாம் ஒரே பெட்டியில் கிடைத்தது. அந்த அம்மாளுக்குக் கீழ்ப் படுக்கை, கீமேனுக்கு அதற்கு நேர் மேலே நடுப் படுக்கை, எனக்கு எதிரே பக்கவாட்டில் மேல் படுக்கை. பாஸின் பின்பக்கம் எண்ணைக் குறித்து முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். முத்திரை சற்றுக் கோணல். அப்படியே வாங்கிக்கொண்டேன்.

தை பிறந்ததும் கிளம்பினோம். விருத்தாசலத்தில் இரவு வண்டி ஏறியபோது அந்த அம்மாளின் கீழ்ப் படுக்கையில் ஒரு குடும்பம் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் படுக்கை எல்லாம் மேலேயும் எதிரேயும். ஒன்பது மணிக்கு மேல் கீழ்ப் படுக்கைக்காரர் படுக்க விரும்பினால் மற்றவர்கள் எழுந்துகொள்ள வேண்டும் என்பது அப்போதைய விதி. என் கைக்கடிகாரத்தில் ஒன்பது ஐந்து. வாயைத் திறந்தேன். அதற்குள் இந்த அம்மாள் பையிலிருந்து மாங்காய் ஊறுகாயை எடுத்து அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். ஊறுகாய் கிடைத்ததும் அவர்கள் இரண்டாம் டப்பாவைத் திறந்தார்கள். நாற்பது வருடம் காத்திருந்தவர் படுக்கையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவர்கள் மகளுக்கு எந்த ஊரில் வரன் பார்க்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். விதி என் வாயிலேயே ஊறிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்குத்தான் இடம் காலியானது. அந்த அம்மாள் ஒரு சேலையை விரித்தார். படுத்தார். காலை நீட்டினார். பாதம் பலகையின் விளிம்பைத் தொடுகிறதா என்று பார்த்தார், தொடவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, வாந்தி வருகிறதா என்று சிறிது நேரம் காத்திருந்தார். வரவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார்.

நடு இரவில் நான் விழித்தபோது கீமேன் அந்த அம்மாளின் காலடியில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய நடுப் படுக்கையில் பைதான் படுத்திருந்தது. ஒதுக்கப்பட்ட படுக்கையில் போய்ப் படுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன்.

"எப்டி சார் படுக்கறது? இப்பப் போச்சே, அந்த எடத்துல தண்டவாளத்துக்கு அடியில ஜல்லி இல்ல. டொக்குனு எறங்குச்சி பாருங்க." சற்று நேரம் கேட்டுவிட்டு, "இது பரவால்ல. இங்க நடக்கறவன் ஒழுங்கா நடக்கறான்" என்றார்.

அதற்குப் பிறகு அவராகவே சொன்னார்.

"இதுக்குத்தான் சார் நான் இட்டுக்கினு வரல. நம்ம லைனுன்னா எங்க இன்னா இருக்குதுன்னு தெரியும். மத்த எடத்துல எவன் பாத்தான், எவன் பாக்காம கையெழுத்துப் போட்டான், எனக்கு இன்னா தெரியும்? இவ பாட்டுக்கு நம்பிப் படுத்துக்கினு இருக்கறா."

விருத்தாசலத்துக்கே வருடா வருடம் பாஸ் கேட்ட மர்மம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. உலகம் அறியாதவர் யார் என்ற கேள்வியை நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. நானும் என் பங்குக்கு விழித்திருக்கலாம் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டேன்.

காலையில் மலைகள் வரும், காற்றாலைகள் வரும் என்று அந்த அம்மாளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். நாகர்கோவில் தாண்டும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. "அதுக்குள்ள வந்திடுச்சா?" என்று கேட்டதில் ஒரு வருத்தம் இருந்தது. கடலைக் கால் மணி நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு, திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

திரும்பும் இரவும் அப்படியேதான். அவர் படுத்தார், இவர் காலடியில் உட்கார்ந்தார்.

விருத்தாசலத்தில் இருட்டோடு இறங்கி, டீ குடித்து, விடிந்த பிறகு சேலம் போகும் பயணிகள் வண்டியில் ஏறினோம். உட்கார்ந்து போகும் பெட்டி. வண்டி நகர்ந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, கீமேன் தலையைச் சாய்த்தார். எதிர்ச் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி குறட்டை. படுக்கையும் இல்லை, போர்வையும் இல்லை. அவருடைய லைன்.

சின்னசேலம் நெருங்கியது. பைகளை இறக்கிக் கீழே வைத்துவிட்டு அவரை எழுப்பக் கையை நீட்டினேன். அந்த அம்மாள் தடுத்தார்.

"எழுப்பாதீங்க சார்."

பாஸ் சின்னசேலத்தோடு முடிகிறது என்று சொன்னேன். அதைத் தாண்டி ஓர் அடி போனாலும் அது டிக்கெட் இல்லாத பயணம், பரிசோதகர் வந்தால் அபராதம், பாஸ் வாங்கியவர் என்பதால் கூடுதல் வம்பு என்பதையும் சொன்னேன்.

"ரெண்டு ராத்திரி என் காலாண்டயே குந்திக்கினு இருந்திச்சி. நான் பாக்கலன்னு நெனச்சிக்கினு இருக்குது" என்றார். "அடுத்த ஸ்டேசன்ல எறங்கி பஸ்ஸுல வந்துக்கலாம். எனக்கு வாந்தி வந்தா வந்துட்டுப் போவுது."

வண்டி நின்றது, இரண்டு பால் கேன்கள் இறங்கின, கிளம்பியது. சின்னசேலத்துக்கு அப்பால் இருப்பது அவர் நடக்காத பாதை. அது அவருக்குத் தெரியவில்லை. நான் இறக்கிய பைகளை மறுபடியும் மேலே தூக்கி வைத்துவிட்டு, முப்பத்தோரு வருடச் சேவைக்குப் பின் முதல் முறையாக டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்தேன். வெயில் அவர் முகத்தில் விழுந்தது. எழுந்து ஜன்னலின் ஷட்டரை, சத்தம் வராமல், கீழே இறக்கினேன்.