கந்தம்மாளின் ஒன்பது முதல் மணி நேரங்கள்

புதுச்சத்திரத்துக்கு அருகே கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் கந்தம்மாள், எனக்குத் தெரிந்தவரை, கிராம நிலப் பதிவேட்டை முதல் வரியிலிருந்து வாசித்த ஒரே வாசகி. எழுதியவர்களே அப்படி ஒருவரை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

காரணம் ஓர் இரும்பு கேட். அவருடைய தெருவுக்குப் போகும் வண்டிப்பாதையில் பக்கத்துத் தோட்டத்தின் சொந்தக்காரர் அருணகிரி கேட் போட்டுப் பூட்டிவிட்டார். கேட்கப் போனவர்களிடம் ஒரு காகிதத்தை விரித்து, இதில் பாதையே இல்லை என்று வாசித்தும் காட்டினார். பதினோரு குடும்பங்கள் ஓடையைச் சுற்றி நடந்தன. கந்தம்மாளுக்கு உறுத்தியது நடை அல்ல. ஐம்பத்தெட்டு வயதுவரை எந்தக் காகிதத்தையும் யாரோ வாசிக்க, அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இத்தனைக்கும் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்தவர்.

நிலப் பதிவேட்டைப் பார்க்க வேண்டுமென்று, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தாலுகா அலுவலகத்தில் தகவல் உரிமை மனு போட்டார். ஆவணத்தைப் பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்குமேல் கட்டணம் என்றார் எழுத்தர் அன்பரசு. வேண்டிய வரியைத் தானே காட்டிவிடுவதாகவும் கருணையோடு சொன்னார்.

"நீங்க காட்டுனா அது நீங்க படிச்சதுங்க, சாமி," என்றார் கந்தம்மாள்.

ஒரு மணி நேரத்தில் ஒன்றேகால் பக்கம் ஆனது. ஐம்பத்தொன்பதாவது நிமிடம் எழுந்துவிட்டார். அடுத்த செவ்வாயும் வந்தார். பெண்களுக்கு டவுன் பஸ்ஸும் இலவசம் என்பதால், அரசே வருந்தி அழைத்ததாகத்தான் கொள்ள வேண்டும். இது இரண்டாவது மணி நேரமல்லவா என்று அன்பரசு விதிகளைப் புரட்டினார். முதல் மணி நேரம் இலவசம் என்றிருந்தது. ஒருவருக்கு எத்தனை முதல் மணி நேரம் என்று இல்லை. அலுவலகம் அதற்குமேல் யோசிக்காமல் ஒரு ஸ்டூல் போட்டது.

யார் கிணறு யார் பெயரில் இருக்கிறது என்று, ஐந்தாவது செவ்வாய்க்குள் எழுத்தரே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி ஆயிற்று. மெதுவாகப் படிப்பவரிடம் ஆவணம் எதையும் ஒளிக்க முடிவதில்லை போலும். ஒன்பதாவது செவ்வாய், பதினோராம் பக்கத்தில் விரல் நின்றது. அரசு புறம்போக்கு, வண்டிப்பாதை. இரண்டு ரூபாய் கட்டி முத்திரையிட்ட நகல் வாங்கினார்.

அன்று மாலை கேட்டருகே அருணகிரி காகிதத்துக்குக் கை நீட்டினார். கந்தம்மாள் கொடுக்கவில்லை.

"நானே படிக்கறனுங்க. நீங்க நின்னு கேளுங்க. மொத ஒரு மணி நேரம் காசில்லீங்க."

'புறம்போக்கு' பாதி வரும்போதே அருணகிரி சாவி எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோதும் வரி முடியவில்லை. பூட்டைத் தொடாமல், சாவியும் கையுமாக நின்று மீதியைக் கேட்டார்.