ஊசி இல்லாமல் நின்ற லேஸ்

எங்கள் ஊர் மிஷன் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கையைக் கட்டிப்போட்ட நாள். அடுப்பு மூட்டக் கூடாது. சனிக்கிழமையே மீன்குழம்பு வைத்துவிட வேண்டும். துணி துவைக்கக் கூடாது. லேஸ் திண்டைத் தொடவே கூடாது. மற்ற ஆறு நாளும் மிஷன் பங்களாவின் பின்கட்டில் உட்கார்ந்து, நூல் சுற்றிய கட்டைகளைக் குறுக்கும் மறுக்கும் மாற்றி, மெத்தை மாதிரியான அந்தத் திண்டில் குண்டூசி குத்தி லேஸ் பின்னுகிற கைக்கு ஏழாம் நாள் சும்மா இருக்கத் தெரியாது. மத்தியானம் படுத்தால் விரல் நமநமக்கும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள்ளேயே பின்னுவேன். கையால் செய்தால்தானே பாவம் என்று ஆண்டவரிடமே வழக்காடியவள் நான்.

1930களின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்படிப் பின்னிக்கொண்டே தூங்கிப்போனேன். கனவிலும் பின்னல்தான். லேஸ் முழம் முழமாக இறங்கிக்கொண்டிருந்தது. பார்த்தால் திண்டில் ஒரு குண்டூசிகூட இல்லை. பின்னுகிற இடத்தில் ஊசி இல்லாவிட்டால் எல்லாம் நூல் நூலாய்ப் பிரிந்து கொட்டிவிடும். இது கொட்டவில்லை. அப்போது தூக்கத்துக்குள்ளேயே எனக்குத் தெரிந்தது: இது கனவு, நான் என் வீட்டில் பாயில் படுத்திருக்கிறேன். ஆள் தூங்க, ஆளுக்குள் இன்னொருத்தி விழித்திருக்க முடியுமா? முடிந்ததே. உடம்பெல்லாம் சிலிர்த்து எழுந்து உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். அப்படிக் கனவுக்குள் விழித்திருந்து அம்மாவைப் பார்க்க வேண்டும். எனக்கு ஆறு வயதிருக்கும்போது காலராவில் போனவள். அவள் கை நினைவிருந்தது. தண்ணீர் இறைக்கும்போது அசைகிற முதுகு நினைவிருந்தது. முகம் மட்டும் இல்லை. சபைக்காரர் எல்லாரையும் நிறுத்தி எடுத்த ஒரே போட்டோவில், மற்றவர்கள் கல்லாய் நிற்க, நான் அழுதேன் என்று அம்மா திரும்பிவிட்டாளாம். அசைந்ததில் கழுத்துக்கு மேலே வெள்ளையாய்க் கலங்கிக் கிடக்கிறது. அந்த முகம் என்னால் போனது என்று சின்ன வயதிலிருந்தே எனக்குள் ஒரு குத்தல் உண்டு. கனவில் வந்தாலும் முதுகுதான் காட்டுவாள்.

ஞாயிறுதோறும் சாப்பிட்டுப் படுத்ததும் பழகத் தொடங்கினேன். முதலில் மனசுக்குள் நாலு வரிசை லேஸ். பிறகு திண்டை வைத்துவிட்டு எழுந்து, கால்வாய்க் கரையோடு பிறந்த வீட்டுக்கு நடப்பேன். காலில் சுடுகிற மணல், வழியில் புன்னை மரம், வீட்டுப் பின்னால் கிணறு, கப்பியின் கிறீச் சத்தம், எதையும் விடமாட்டேன். 'ஊசி இல்லையென்றால் கனவு' என்று பத்துத் தடவை சொல்லிக்கொள்வேன். ஞாயிறு போதாமல் தினசரிக் குடும்ப ஜெபத்திலும் கை வைத்தேன். மிஷன் பள்ளி வாத்தியாரான என் வீட்டுக்காரர் ராஜா முதல் அனாதை வரை எல்லாருக்காகவும் ஜெபிப்பார். நான் கண்ணை மூடிக் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருப்பேன். மனைவிக்குப் பக்தி முற்றிவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

பக்கத்துத் திண்டில் பின்னுகிற சிநேகிதியிடம் மட்டும் சொன்னேன். "ஏட்டி, செத்தவுகளக் கூப்பிட்டா அவுக வேசத்துல வேற எதாவது வரும், பாத்துக்கோ" என்றாள். அதைக் கேட்டு இரண்டு ஞாயிறு பயந்து படுக்காமலே இருந்தேன். மூன்றாவது ஞாயிறு பயத்தை ஆசை ஜெயித்துவிட்டது.

ஆடி மாதத்துச் சாரலில் ஒருநாள் வாய்த்தது. ஊசி இல்லாத திண்டைக் கண்டதும் எழுந்து நடந்தேன். கிணற்றடியில் அதே முதுகு. "அம்மா" என்று கூப்பிட்ட சந்தோஷத்திலேயே விழிப்பு வந்துவிட்டது. கையில் எடுத்ததைத் தரையில் போட்டு உடைத்தவள்போல் அழுதேன். பொங்குகிற பாலுக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல சந்தோஷத்துக்கும் தெளிக்க வேண்டும் என்று புரிந்தது. அடுத்த தடவை அவசரப்பட்டுக் கூப்பிடக் கூடாது, முந்தானை நூலை விரலால் நெருடிக்கொண்டே நிற்க வேண்டும் என்று அதையும் பழகினேன்.

நாலைந்து மாதம் கழித்து அவள் முகத்தைப் பார்த்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மறந்துபோன முகத்தை மனசு எங்கேயிருந்து எடுத்தது, அது உன் அம்மாதான் என்பதற்கு என்ன சாட்சி என்று மெதுவாகக் கேட்டார். கண்டது எப்படி என்பதை மட்டும் அவரிடம்கூட நான் சொன்னதில்லை.

அன்று கிணற்றடியில் முந்தானை நூலை நெருடிக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை. அவளாகவே திரும்பினாள். எனக்குத் தாயாக ஒரு மூத்த பெண்ணை எதிர்பார்த்திருந்த நான் அப்படியே பிரமித்துப்போனேன். செத்தபோது இருந்த அதே இருபத்துநாலு வயதுப் பெண், எனக்கோ முப்பத்தொன்று. மேலுதட்டில் வியர்வை, தாடையில் சின்ன மச்சம். முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ஆரத் தேடுதியோ?"

அவளுக்குத் தெரிந்த மகளுக்கு ஆறு வயதுதானே. இது கனவு, எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "தண்ணி குடிக்கணும்" என்றேன்.

வாளியைச் சாய்த்து என் கைகளில் ஊற்றினாள். ஊற்றக் குனிந்தபோது அந்த முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கண்ணை அதிலிருந்து எடுக்காமல் குடித்தேன். வயிறு நிறைந்து, முழங்கை வழியாகத் தண்ணீர் ஒழுகத் தொடங்கிய பிறகும், போதும் என்று நான் சொல்லவே இல்லை.