முழு நிகழ்ச்சியையும் ஓட்டிப் பார்த்தவர்

சேதி வந்தபோது நான் திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பெற்றோரின் தலையில் கலச நீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பையில் செல்போன் விடாமல் அதிர்ந்தது. அந்த நேரத்தில் கேமராவைக் கீழே வைக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். முடித்துவிட்டு எடுத்துப் பார்த்தால் நம் வீடியோ எடிட்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மயிலாடுதுறை சிக்கந்தர் பாய் விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று போட்டிருந்தது. பந்தி வரை எடுத்துக் கொடுத்துவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது, அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து ஆட்கள் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவர் தொழில். பெயர் வாங்கியது என்னவோ கிராபிக்ஸ் கார்டில். மூன்று மணி நேரக் கல்யாணம் அரை மணியில் வீடியோவாக வெளியே வருமா, அரை நாள் இழுக்குமா என்பது அந்தக் கார்டின் கையில் இருக்கிறது. பழைய கார்டு நல்லதா, புதியதா என்று கேட்டால் பாய் வாயால் பதில் சொல்ல மாட்டார். இரண்டையும் எடுத்துக்கொண்டு நம் ஸ்டூடியோவுக்கே வந்துவிடுவார். நம் கம்ப்யூட்டரில் மாட்டி, நாம் எடுத்த நிகழ்ச்சியையே முதலிலிருந்து கடைசி வரை ஓட்டுவார். அதுவும் உச்சி வெயிலில், ஏசியை அணைத்துவிட்டு.

"சூடாவட்டுங்க. சூடானப்புறம் என்ன செய்யுதுன்னுதான் பார்க்கணும்" என்பார்.

பாய் வருகிறார் என்றால் துண்டை எடுத்து வை என்று நாம் கேலி பேசுவோம். அவரும் சிரித்துக்கொண்டே வேர்வையைத் துடைத்துக்கொள்வார். ஆனால் பாதியில் நிறுத்த மாட்டார்.

கீழ்வேளூரில் பிளக்ஸ் பேனர் போடும் நண்பர் ஒருவர், இருப்பதிலேயே பெரிய கார்டு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பாய் அவருடைய பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "வாய்க்கா குறுகலா இருக்குங்க. ஆத்துல எவ்வளவு தண்ணி வந்தாலும் உங்க வயலுக்கு இவ்வளவுதான் பாயும். இருக்கிறதே போதும்" என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன கார்டைத் திரும்ப எடுத்துவந்துவிட்டார். அப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் ஏமாற்றுக்காரர் என்று எழுதினேன்.

என்னிடம் இருந்தது நான்கு வருடப் பழைய கார்டு. அந்த மாடலில் பெரிய ரகம். புதிதாக வந்த மாடலில் சின்ன ரகத்துக்கு நான் ஆசைப்பட்டேன். பக்கத்து ஸ்டூடியோக்காரர் வாங்கிவிட்டார் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. வழக்கம்போல பாய் வந்து இரண்டையும் ஓட்டினார். பழையது முப்பத்தொரு நிமிடத்தில் முடித்தது. புதியது நாற்பத்துநான்கு.

"மாடல் நம்பரைப் பார்த்து மயங்காதீங்க சேகர். பேருதான் புதுசு, மெமரி கம்மி. நிகழ்ச்சி நீள நீள மூச்சு வாங்கும். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறதையே ஓட்டுங்க."

எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் கும்பகோணத்தில் ஒரு நண்பர் கடையின் ஏசி அறையில் இரண்டு கார்டுகளையும் மாட்டி, இரண்டு நிமிடப் பாட்டுத் துண்டு ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். புதியது ஜெயித்தது. அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். "கடையில் தேங்கிய பழைய கார்டுகளைத் தள்ளிவிடப் பாய் புதியதைக் குறைத்துக் காட்டுகிறார். ஏமாறாதீர்கள்" என்று கீழே எழுதினேன். அவர் ஓட்டியது மூன்று மணி நேர நிகழ்ச்சி, நான் ஓட்டியது இரண்டு நிமிடம் என்பதை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தேதான் விட்டேன்.

உங்களில் பலர் அதற்குக் கட்டைவிரலைக் காட்டினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நம்பும்படி எழுதியவன் நான். அதன்பிறகு சோதித்துப் பார்க்க அவரைக் கூப்பிடுவது குறைந்தது. அவர் கடைக் கண்ணாடி அலமாரியில் பழைய கார்டுகள் தூசி படிந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆவணி முகூர்த்தத்தில், பழையதை விற்றுவிட்டு நான் வாங்கிய புதிய கார்டு முழுக் கல்யாணம் ஒன்றின் நடுவே நின்றுபோனது. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் நின்றது. மறுநாள் காலை வரவேற்பில் பெரிய திரையில் காட்டியாக வேண்டிய வீடியோ. வெட்கத்தை விட்டுப் பாய்க்குப் போன் போட்டேன். கடையிலிருந்து பழைய கார்டு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். முடிகிற வரை உட்கார்ந்திருந்தார். குழுவில் நான் போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"சேகர், குரூப்ல ஒரு வரி போட்டுடுங்க. டெஸ்ட் சரியாத்தான் இருந்துச்சுன்னு. அது போதும்."

"முகூர்த்தம் முடியட்டும் பாய். நல்லா விவரமாவே எழுதிப் போட்டுடறேன்."

முகூர்த்தம் முடிந்தது. தை வந்தது, சித்திரை வந்தது, இரண்டு வருடம் போனது. எழுதியிருந்தால் நாலு பேர் என்னை முட்டாள் என்று சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். அதற்குப் பயந்தேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. போன் செய்தால் எப்போதும்போல "சொல்லுங்க சேகர்" என்றுதான் எடுத்தார்.

அடக்கத்தன்று அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். துபாயிலிருக்கும் மகன் அடக்கத்தை வீடியோ காலில் பார்த்தாராம். பாயின் தம்பி ஹமீது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்களும் அந்த வீடியோ குரூப்புதானே? அண்ணன் தினம் காலையில கடையைத் திறந்ததும் முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. அப்படி என்னண்ணே இருக்கு அதுலன்னு ஒருநாள் கேட்டேன். 'ஒண்ணு வரணும்டா'ன்னாங்க. என்னன்னு சொல்லவே இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னேன். மையவாடி மண் காயும் முன் அவர் வீட்டு வாசலில் அந்தப் பொய்யையும் சொல்லிவிட்டு வந்தேன்.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஏசியை அணைத்துவிட்டு முழு நிகழ்ச்சியையும் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் ஒன்று. மற்றது, மூன்றாம் நாள் நான் குழுவில் போட்ட வரி. "சிக்கந்தர் பாயின் சோதனை சரி. நான் எழுதியது பொய்." எல்லோரும் கைகூப்பிப் பதில் போட்டீர்கள். குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தால்தான் அதில் இரண்டாவது டிக் விழும். அவர் போனை வீட்டில் அணைத்து வைத்துவிட்டார்கள். அவர் பெயரை நாம் இன்னும் குழுவிலிருந்து எடுக்கவில்லை. அந்த வரி ஒற்றை டிக்கோடு நிற்கிறது. தினமும் காலையில் எடுத்துப் பார்க்கிறேன்.