சூளை எரிந்த நாட்களின் விலக்குகள்

எங்கள் முதலாளிக்கு 'இல்லை' என்று சொல்வதில் தனி ருசி. அதற்காகவேதான் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கம்பெனிக்கு வருகிறாரோ என்று எனக்குத் தோன்றும். லீவு கேட்டால் இல்லை, நாற்காலிக்குக் கால் ஆடுகிறது என்றால் வேறு நாற்காலி இல்லை. கேட்டவரின் முகம் சுருங்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அப்படிப்பட்ட மனிதரின் கையில் ஒரு ஆன்டிவைரஸ் கிடைத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் டீக்கோப்பையும் சாசரும் செய்கிற கம்பெனி அது. நான் டிப்ளமோ முடித்துவிட்டு, கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோய், அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பென் டிரைவ் புதிதாகப் புழக்கத்துக்கு வந்த காலம். யாரோ செருகிய ஒரு பென் டிரைவிலிருந்து வைரஸ் புகுந்து பில்களையெல்லாம் தின்றுவிட்டது. முதலாளி கடலூரிலிருந்து ஆளை வரவழைத்துப் புது ஆன்டிவைரஸ் போட்டார். அதில் ஒரு வசதி இருந்தது. என் இடத்தில் உட்கார்ந்தபடியே ஆபீஸிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் சட்டம் போடலாம். பென் டிரைவ் செருகக் கூடாது, விளையாட்டு கூடாது, மெசஞ்சரில் பேசக் கூடாது. யாருக்காவது அதிலிருந்து விலக்குக் கொடுக்க வேண்டுமானால் தனியாக ஒரு பாஸ்வேர்டு. அதை முதலாளி தானே வைத்துக்கொண்டார். என் மேஜைக்கு வந்து, என்னைச் சுவர் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் அடிப்பார்.

விலக்கு குறையக் குறையத்தான் பாதுகாப்பு என்று கடலூர்க்காரர் சொல்லிவிட்டுப் போனார். முதலாளியின் முகத்தில் அன்று பார்த்த சந்தோஷத்தை அவர் மகள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

ஆனால் அவருக்கும் ஒரு பயம் இருந்தது. சூளையில் சுடாத பச்சைக் கோப்பைகளை அடுக்கி, கதவை அடைத்து, கற்பூரம் காட்டி நெருப்பு வைத்துவிட்டால், அது அணையும்வரை யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் உள்ளே இருக்கிற சரக்கு அத்தனையும் விரிசல் விட்டுவிடும். அவர் அப்பா காலத்திலிருந்து வந்த வழக்கம் என்பார்கள். அதனால் எங்கள் கம்பெனியில் எல்லாரும் தங்கள் ஆசைகளை அடக்கி வைத்திருந்து, சூளை எரியும் நாளில் கேட்பார்கள். நெருப்பு எரிகிறவரை ஓடும் ஊதுகாற்று மெஷினின் இரைச்சல் ஆபீஸ்வரை கேட்கும். அந்தச் சத்தம் கேட்கிறவரை அவர் கர்ணன்.

விலக்குகளும் அப்படித்தான் பிறந்தன. முதலாவது நியாயமானது. சூளையின் சூட்டைப் பதிவு செய்கிற புரோகிராமையே வைரஸ் என்று நினைத்து ஆன்டிவைரஸ் அழித்துவிட்டது. சூளை மேஸ்திரி வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார், விலக்குக் கிடைத்தது. அடுத்த எரிப்பில் கணக்கர், பேங்க் வேலை என்று சொல்லி, ஷேர் மார்க்கெட் பார்க்க விலக்கு வாங்கினார். அதற்கடுத்ததில் ஸ்டோர்காரர் பென் டிரைவில் பாட்டுக் கேட்க வாங்கினார். முதலாளியின் மருமகன் கார் ரேஸ் விளையாட, சூளை எரிகிறதா என்றுகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். கடைசியில் சட்டம் மிச்சமிருந்தது இரண்டு பேருக்கு. ஒன்று நான். இன்னொன்று என் பக்கத்து நாற்காலி அக்கா.

அக்கா கோப்பைகளில் ஒட்டிச் சுடுகிற பூப்படங்களைக் கம்ப்யூட்டரில் வரைகிறவர். கோயில் பெயர், கல்யாணப் பரிசுக்கான பெயர், ஓட்டல் பெயர் எதுவானாலும் அவர் கைதான். வீட்டுக்காரர் துபாயில் கட்டட வேலையில் இருந்தார். கல்யாணம் முடிந்து ஒரே ஒரு தடவைதான் ஊருக்கு வந்து போயிருந்தார். அவரிடம் சொந்தமாகப் போன் இல்லை. அவராகக் கூப்பிட்டால்தான் உண்டு. வீட்டுப் போன் கூடத்தில் இருக்கும். மாமியார், நாத்தனார், கொழுந்தன் என்று எல்லாரும் பேசி முடித்து, அவர் வாங்கிய போன் கார்டு தீரப்போகும் நேரத்தில் அக்காவின் கைக்கு வரும். மெயில் போடலாம் என்றால், அவருக்குப் படித்துக் காட்டுகிறவர் அறைக் கூட்டாளி.

அந்த மாதம் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம் வர முடியாது. போடாவிட்டால் ஊருக்கு வந்துவிடலாம். அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமை மத்தியானம் நண்பரின் கடைக் கம்ப்யூட்டரில் மெசஞ்சருக்கு வருவதாகவும், இரண்டு பேரும் தனியாகப் பேசி முடிவு செய்யலாம் என்றும், சனிக்கிழமை கையெழுத்து என்றும் போனில் சொல்லியிருந்தார். அக்காவுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வந்துவிடுங்கள். இதைக் கூடத்தில் நின்று எல்லார் முன்னாலும் எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டார்.

அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தோம். அந்த வாரம் சூளை எரிந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை காலை அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முதலாளியின் மேஜை முன் போய் நின்றார். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார், அதுதான் அவர் செய்த தப்பு. கணக்கரைப்போல ஏதாவது பொய் சொல்லியிருந்தால் முதலாளிக்குச் சுவாரசியம் தட்டியிருக்காது.

"இல்லன்னு சொல்ல மாட்டேம்மா," என்றார் முதலாளி. "சூள எரியுதுல்ல. பாக்கலாம்."

அக்கா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். அந்தக் கம்பெனியில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். சூளை எரியும்போது இல்லை என்று சொல்லாவிட்டால் கிடைத்துவிட்டது என்றுதான் அங்கே அர்த்தம்.

வெள்ளிக்கிழமை அக்கா புது ஹெட்போன் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மத்தியானம் ஆனதும் போய் நினைவூட்டினார். முதலாளி மறுபடியும் பார்க்கலாம் என்றார். அப்படியானால் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டருக்காவது போய்வரட்டுமா என்று அக்கா கேட்டார். லாரியில் லோடு ஏறட்டும், போகலாம் என்றார். அதுவும் இல்லை என்ற வார்த்தை கிடையாது. லோடு ஏறிக்கொண்டே இருந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டு, நெருப்பை எப்போது நிறுத்துவார்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டுவரச் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரத்தில் என்று மேஸ்திரி சொன்னார். திரும்பி வரும்போது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது, இந்த ஆள் எதற்காகக் காத்திருக்கிறார் என்று. ரொம்ப நேரம் ஆகுமாம் என்று பொய் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு டீ வாங்கிவரச் சொன்னார்.

அக்கா மேஜை முன்னால் நின்றபடியே இருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மருமகனின் கம்ப்யூட்டரில் கார்கள் மோதிக்கொண்டன. முதலாளி டீயை நிதானமாக உறிஞ்சினார். திடீரென்று ஊதுகாற்று மெஷினின் இரைச்சல் நின்றது. அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"இப்ப சொல்றேன். இல்ல. புருஷன் பொண்டாட்டி கொஞ்சிக்கறதுக்கெல்லாம் இங்க எக்செப்ஷன் கெடையாது."

கணக்கர் சிரித்தார். ஸ்டோர்காரரும் சிரித்தார். அக்கா வந்து உட்கார்ந்து, பாதியில் விட்டிருந்த படத்துக்கு இலை வரைய ஆரம்பித்தார். இலை கோணலாக வந்துகொண்டே இருந்தது, அழித்து அழித்துப் போட்டார். அந்த மனிதரை நான் வெறுத்ததுபோல இன்றுவரை யாரையும் வெறுத்ததில்லை. அந்தச் சூளைக்குள் உள்ள ஒரு கோப்பைகூட முழுசாக வரக் கூடாது என்று சாபம் விட்டேன். எல்லாம் முழுசாகவே வந்தன.

சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்குப் போன் வந்ததாம். கையெழுத்துப் போட்டாயிற்று என்று கூடத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். மாமியார் சர்க்கரை கொடுத்தார்கள், நானும் ஒரு வாய் போட்டுக்கொண்டேன் என்று திங்கட்கிழமை அக்கா சொன்னார். அப்போதும் அழவில்லை. நான்தான் பாத்ரூமில் போய் அழுதேன்.

கொஞ்ச நாள் கழித்துத் துபாய் வியாபாரி ஒருவர் பெரிய ஆர்டர் தருவதாகப் போனில் சொன்னார். படங்களை மெசஞ்சரில் பார்த்துப் பேசித்தான் முடிவு செய்வாராம். அதுவும் கடை சாத்தியிருக்கும் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் அவருக்குத் தோது. முதலாளி என் மேஜைக்கு ஓடிவந்தார். என்னைத் திரும்பக்கூடச் சொல்லாமல் பாஸ்வேர்டை அடித்து, அக்காவின் கம்ப்யூட்டருக்கு மெசஞ்சரைத் திறந்துவிட்டார். அன்று சூளை எரியவே இல்லை.

ஆபீஸில் மெசஞ்சர் கணக்கு வைத்திருந்தது அக்கா மட்டும்தான். அவர் கணக்கிலேயே உள்ளே போகச் சொன்னார். வியாபாரி பேசுவது தனக்கும் கேட்க வேண்டும் என்று ஹெட்போனைக் கழற்றச் சொல்லி, பெரிய ஸ்பீக்கரை மாட்டவைத்தார். எல்லாரும் அக்காவின் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். அழைப்பு வந்தது. திரையில் வந்த பெயரைப் பார்த்த அக்கா, "மொதலாளி, இது அந்த யாவாரி இல்லீங்க," என்று சொல்லி முடிப்பதற்குள், அவசரத்தில் முதலாளி எட்டி மவுஸை அமுக்கிவிட்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் குரல் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. ஆள் மெலிந்திருப்பார் என்று குரலிலேயே தெரிந்தது.

"இன்னிக்குத்தான் இதுல ஒம் பேரு தெரியுது. அன்னிக்கு இதே கடையில ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தேன், நீ வரல. ஒனக்கு இதுல வருத்தமில்லபோலன்னு நெனச்சித்தான் கையெழுத்துப் போட்டேன். ஒனக்கு சம்மதந்தானே?"

முதலாளியின் கை இன்னும் நாற்காலி முதுகின்மேல் இருந்தது. அக்கா மைக்கின் பக்கம் குனிந்தார்.

"சம்மதந்தாங்க," என்றார்.

அவர் அந்தப் பக்கம் வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வியாபாரி வருகிற நேரம் என்று முதலாளி இணைப்பைத் துண்டித்தார்.