காட்டு ஊற்றில் ஒரு கைத் தண்ணீர்

காட்டுக்குள் வெந்நீர் ஊற்று இருக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். என் வீட்டுக்காரருக்கு அதில் துளியும் விருப்பம் இல்லை. "சுடுதண்ணி ஊட்டுல இல்லையாக்கும்?" என்று கேட்டார். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ரயிலில் வந்து தார்ப்பாய்க் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

அவர் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் இப்படி இருப்பார். போர்வெல் போடுகிற லாரியோடு வடக்கே போய்விட்டு, அங்கே மழைக்காலம் வந்ததும் வேலையை நிறுத்திவிட்டு ஊர் வந்து சேருவார். வண்டி என் அண்ணனுடையது. துளை போடுகிற லீவரைப் பிடித்து நிற்பது இவர். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவரோடு நான் இருந்த நாட்களைக் கூட்டினால் ஆறேழு வருடம் தேறும். மகளைக் கட்டிக்கொடுத்து வீடு வெறிச்சோடிப்போன பிறகு, இத்தனை வருடம் இந்த மனிதர் எங்கேதான் இருந்தார் என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. ஆசை என்று சொல்ல மாட்டேன். தணிக்கை செய்யப் போகிற அதிகாரி மாதிரிதான் கிளம்பினேன். இரண்டு பசுக்களைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்தேன், மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குத் தண்ணீர் கட்ட ஆள் சொன்னேன், தை மாதம் ஒடிசாவுக்கு ரயில் ஏறினேன்.

உண்மையைச் சொன்னால் எங்களுக்குள் ஒன்றும் இல்லாமல் போய் ஏழெட்டு வருடமாகியிருந்தது. சண்டைகூட இல்லை. ஊருக்கு வருவார், கட்டிலில் படுப்பார், டிவி பார்ப்பார். தோளில் கை வைத்தால் துண்டைப் போட்டது போலிருக்கும், ஆள் தொட்டது போல இருக்காது. பால் டம்ளரை நீட்டினால் வாங்கும்போதே கீழே விடுவார். "கவனமெல்லாம் எங்கெ கெடக்குது?" என்று திட்டுவேன். சட்டையை விட்டுவிட்டு டீசர்ட்டுக்கு மாறினார். பேத்தி எடுக்கிற வயதில் மைனர் வேசம் கேட்கிறதா என்று கேலி செய்தேன். மகள் கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது அவள் கையை அவர் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் நொறுங்கி மணிக்கட்டில் ரத்தம் வந்துவிட்டது. அப்பனுக்கு மகளை விட மனசில்லை என்று சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு ஆத்திரமும் வருவது நின்றுவிட்டது. வேறு எவளாவது இருக்கிறாளோ என்று ஒரு காலத்தில் யோசித்தேன். பிறகு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆகிவிட்டது.

ஊற்றுக்கு ஜீப்பில் ஒரு மணி நேரம். வழியெல்லாம் நெட்டையான சால் மரம், உதிர்ந்த இலை, மனித நடமாட்டமே இல்லை. இறங்கியவுடன் மூக்கில் ஏறியது வாடை. நாமக்கல்லைச் சுற்றி வாழ்ந்தவளுக்கு அழுகின முட்டை வாடை தெரியாமல் போகுமா? கந்தகம் என்றார் அவர். வட்டமாகச் சுவர் கட்டிய ஊற்றில் தண்ணீர் குபுகுபுவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் அரிசியைத் துணியில் முடிந்து கயிற்றில் இறக்கி வைத்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு சின்னக் கோயில். கீழே இரண்டு தொட்டிகள், ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று. அங்கே ஆறி வந்த தண்ணீரில் குளிக்கலாம். நான் மாற்றுப் புடவை கொண்டுபோயிருந்தேன்.

அவருக்குக் கோயிலிலும் நாட்டமில்லை, தொட்டியிலும் நாட்டமில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் பின்பக்கம் போனார். நானும் போனேன். கொஞ்ச தூரத்தில் ஒரு பாறை இடுக்கிலிருந்து தனியாக ஒரு தாரை வழிந்துகொண்டிருந்தது. உச்சி வெயிலில் ஆவி ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை, பார்வைக்கு நம்மூர் வாய்க்கால் தண்ணீர்தான். அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாறையைத் தட்டிப் பார்த்தார். "கீழ நல்ல கேப் இருக்குது. மொத்தத் தண்ணியும் இதுல ஓடுது பாரு." பாறை வெடிப்பைத்தான் ரிக்காரர்கள் கேப் என்பார்கள். வந்ததிலிருந்து அவர் முகத்தில் களை வந்தது அப்போதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. சாமி இருக்கிற இடத்தில் போர் போட இடம் பார்க்கிறார்.

ரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. போரில் தண்ணீர் வந்து, மண் கலங்கல் தெளிந்ததும், முதல் தண்ணீரை டிரில்லர்தான் இரண்டு கையிலும் ஏந்த வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துத் தெளிவு பார்த்து, ஒரு வாய் குடித்து, உப்பா நல்ல தண்ணீரா என்று சொன்ன பிறகுதான் நிலத்துக்காரர் வீட்டுப் பெண்கள் குடத்தை நீட்டுவார்கள். எங்கே புதுத் தண்ணீரைப் பார்த்தாலும் அவர் கை தானாகவே குவிந்துவிடும். ரயில் நிலையக் குழாயில்கூட அப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன்.

நான் அந்தத் தாரையில் ஒரு விரலை வைத்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். தீயாகச் சுட்டது. சொல்லலாம் என்று திரும்புவதற்குள் அவர் பக்கத்தில் இரண்டு கையையும் ஏந்திவிட்டிருந்தார். கொட்டிவிடுவார் என்று பார்த்தேன். கொட்டவில்லை. நிதானமாக எழுந்து நின்றார். வெயில் பக்கம் திரும்பினார். கையைக் கொஞ்சம் சாய்த்துத் தெளிவு பார்த்தார். விரல்கள் செக்கச் செவேலென்று ஆகிக்கொண்டிருந்தன, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அப்படியே வாயில் வைத்தார். உதட்டில் பட்ட பிறகுதான் அலறிக்கொண்டு கையை உதறினார்.

நான் உதட்டைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்தார், நான் கண்டுகொண்டேனா என்று.

"கையில சுடலீங்களா?" என்றேன்.

"வேலை செஞ்ச கை. தோலு கெட்டி."

நான் அவர் கட்டை விரலைப் பிடித்து நகத்தால் அழுத்தினேன். வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் அழுத்தினேன். பிறை மாதிரி தடம் விழுந்தது. அவர் கண் இமைக்கவில்லை.

பாறையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"எத்தன வருசமா?"

"மொதல்ல வெரல் நுனி மட்டும்தான் மரத்துச்சு புள்ள. லீவரு அதிர்வுல எல்லாத்துக்கும் வாரதுதான்னு உட்டுட்டேன். அப்புறம் மேல ஏறிருச்சு."

"சட்டைப் பொத்தான்?"

"போட முடியறதில்ல."

டம்ளரைப் பற்றிக் கேட்கவில்லை, வளையலைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஏழெட்டு வருடம் ஒரு மனுசனை மரக்கட்டை என்று முடிவுகட்டி, அதற்கேற்ப நானும் கட்டையாகிவிட்டிருக்கிறேன். கணக்குத் தப்பு என்று தெரிந்த உடனே அழுகை வந்துவிடுமா என்ன? கந்தக வாடை வந்துகொண்டிருந்தது. அதுமட்டும்தான் தெரிந்தது.

பிறகு அவரே சொன்னார், சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. "போன மாசம் ராடு மாத்தறப்ப லீவரக் கொஞ்சமாத்தான் தள்ளுனேன்னு நெனச்சேன். ராடு சர்ருனு எறங்கிருச்சு. சங்ககிரிக்காரன் கைய இழுத்துக்கிட்டான், தப்பிச்சான்." வண்டியில் ராடு என்கிற துளைக் கம்பியை மாட்டுகிறவர் அந்தச் சங்ககிரிக்காரர். காலையில்தான் எனக்கு டீ போட்டுக் கொடுத்து, தன் இரண்டு பெண் குழந்தைகளின் படத்தை போனில் காட்டினார்.

"உங்கண்ணங்கிட்டச் சொல்லிராத புள்ள," என்றார் இவர். "லீவர உட்டா நான் என்னத்துக்கு ஆவேன்?"

நான் எழுந்து பெண்கள் தொட்டிக்குப் போய்க் குளித்தேன். வந்ததற்குக் குளித்துவிடுவோம் என்றுதான். கழுத்தளவு வெந்நீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். சூடு எலும்பு வரைக்கும் போனது. இடுப்பு வலி போய்விடும், முழங்கால் லேசாகும் என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. எதிரில் ஒரு பெண் குழந்தையின் முதுகில் தண்ணீரை வாரி வாரி விட்டுக்கொண்டிருந்தாள். முதலில் தன் கையில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் விட்டாள்.

கொட்டகைக்குத் திரும்பியபோது வண்டியைப் பார்க்க வந்திருந்த அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சங்ககிரிக்காரர் பரிமாறினார். இவர் எனக்குப் பின்னால்தான் நின்றார்.

"அண்ணா, அவருக்குக் கையில உணர்ச்சி இல்ல. லீவருல உடாத," என்றேன்.

அண்ணன் தட்டைக் கீழே வைத்தார். "என்னம்மிணி சொல்ற?"

"ஏழெட்டு வருசமா. அவரையே கேளு."

அண்ணன் அவரைப் பார்த்து, "ஆமாங்களா மாப்ள?" என்றார். இவர் கொட்டகையை விட்டு வெளியே போய் வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டார். சங்ககிரிக்காரர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான்காம் நாள் நாங்கள் இருவரும் ரயிலில் ஊர் திரும்பினோம். இரண்டு நாள் பயணத்தில் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் என்னிடம் நேராகப் பேசவில்லை. பசி என்றால் மாட்டைப் பார்த்து, "சோறு ஆச்சான்னு கேளு," என்பார். சேலத்தில் டாக்டரைப் பார்த்தோம். நரம்பு செத்தது செத்ததுதான், இருப்பதைக் காப்பாற்றலாம், அதிர்கிற எதையும் தொடக் கூடாது என்றார் டாக்டர். அவர் சொன்னதற்கும் இவர் தலையாட்டியது மேசையைப் பார்த்துத்தான். காலையில் வெந்நீர் விளாவிக் கையை விட்டுப் பார்த்து, குளியலறையில் வைத்துவிட்டு வருவேன். குளித்துவிட்டு வருவார். பொத்தான் வைத்த சட்டையை எடுத்துப் போட்டுவிட வந்தால் உதறிவிட்டு டீசர்ட்டை மாட்டிக்கொள்வார். சொன்னது சரிதான் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் சரியைச் செய்தவளுக்கு ஒரு நிம்மதி வருமே, அது வரவில்லை. பால் கறந்தேன், காட்டுக்குப் போனேன், வந்தேன்.

அந்த வருடம் மழை ஏமாற்றியது. கிணறு வற்றிக் குச்சிக்கிழங்கு வாடத் தொடங்கியது. ஆடியில் வண்டி ஊர் வந்ததும் அண்ணன் அதை நேரே எங்கள் காட்டுக்கே அனுப்பிவிட்டார். லீவரில் நின்றது சங்ககிரிக்காரர்தான். தை மாதத்திலிருந்து அவர்தான் டிரில்லர். இவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். தூரமாக வரப்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். சத்தத்தைக் கேட்டே, "இப்பப் பாறை... இப்பக் கேப்பு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினோரு மணி வாக்கில் தண்ணீர் அடித்தது. கூடியிருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். கலங்கல் தெளிந்ததும் சங்ககிரிக்காரர் ஏந்துவார் என்று நான் குடத்தோடு நின்றேன். அவர் ஏந்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வரப்பைப் பார்த்து, "அண்ணா, நீங்க இருக்கறப்ப நானா? வந்து பாருங்க," என்று கூப்பிட்டார்.

எல்லோரும் திரும்பினார்கள். இவர் எழுந்திருக்கவில்லை. கையைக் குவித்துப் பார்த்தார். இந்த ஆறு மாதத்தில் விரல்கள் இன்னும் மோசமாகிவிட்டிருந்தன, இடுக்குகள் சேரவில்லை. ஏந்தினால் முக்கால்வாசி வழிந்துவிடும், ஊரே பார்க்கும். கையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். அவர் தலை குனிந்ததைப் பார்த்தபோது எனக்கு வலித்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எனக்கு வந்த வலி அது.

குடத்தை வைத்துவிட்டு நான் ஏந்தினேன். சில்லென்றிருந்தது. சிந்தாமல் வரப்பு வரைக்கும் நடந்து போய் அவர் முன்னால் குனிந்து நீட்டினேன். தட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். முதலில் வெளிச்சத்தில் தெளிவு பார்த்தார், என் கையில் இருந்த தண்ணீரை. பிறகு குனிந்து குடித்தார். ஒரு வாய் இல்லை, முழுவதையும். கடைசிச் சொட்டுக்கு உதடு என் உள்ளங்கையில் பட்டது, பட்டு அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது.

"நல்ல தண்ணி," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். பெண்கள் குடங்களோடு நகர்ந்தார்கள்.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நேராக என்னைத்தான்.

"ஏம்புள்ள, உங்கை எப்ப இப்பிடிக் காச்சுப் போச்சு?"

"அது ஆச்சுங்க, இருவது வருசம்," என்றேன்.