மூன்று எண்ணும் நேரம்

கரையாம்புத்தூர் கரும்புக்காட்டு வழியில் செல்வகுமாரி ஓடிப் பழகியபோது, ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கிக்குப் பதிலாக அக்கா இளவரசி இரண்டு பலகைகளைத் தட்டுவாள். தங்கை குனிந்ததும் மனசுக்குள் மூன்று எண்ணித்தான் தட்டுவாள். தங்கையும் கூடவே எண்ணுவாள். அந்தக் கணக்கிலேயே ஓடி இந்திய அணிவரை போனாள்.

ஆசியப் போட்டியின் இறுதிச் சுற்றில் துப்பாக்கி சற்றுத் தாமதித்தது. மூன்று எண்ணியதும் இவள் பாய்ந்துவிட்டாள். சத்தத்துக்கு முன் பாய்ந்தால் வெளியேற்றம், அதுதான் விதி. நல்ல விதி. அப்புறம் எந்த அணிக்கும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"எல்லாம் என்னாலதான்டி," என்று இளவரசி அழுதாள்.

"நீ இன்னாக்கா செய்வ? ஓடனது நான்தானே."

இப்போது சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் எல்லோரும் எழுந்து போவார்கள். சங்கு முழுக்க ஓயும்வரை செல்வகுமாரி மட்டும் எழுவதில்லை.